மூன்று மெய்யெழுத்து

வேணுமா, வேண்டாமா. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டு போகத்தான் வேலையைப் போட்டுவிட்டு மாடியேறி வந்து மேனேஜர் ரூமுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறேன். இரும்பு நாற்காலி, ஓட்டை ஓட்டையாகப் போட்டது, கதவுக்கு அடியில் வழிந்து வருகிற ஏசி காற்று இரும்பில் ஏறி அப்படியே என் தொடையில் ஏறுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிரஞ்சன் தம்பி தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறார். எனக்கு ஒரு பிள்ளை பிறந்திருந்தால் அவர் வயசுதான் இருக்கும், இருந்தாலும் மேனேஜர். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு விரலை மட்டும் தூக்கி இரு என்று காட்டினார், அப்புறம் மறுபடியும் செல்லுக்குள் போய்விட்டார். இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து ஆடுகின்றன. தலையில் எடுத்த பேனை இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்துக் குத்துவோமே, அந்த மாதிரி. குத்துகிறார், பார்க்கிறார், மறுபடி குத்துகிறார். ஒவ்வொரு குத்துக்கும் கீழே யாரோ ஒருவர் இடுப்பில் ஒரு செல் துடிக்கும். எனக்குத் துடித்தது காலை டீ பெல் அடித்த கையோடு. பேக்கிங் மேசையில் நின்று பனியனை மடித்து பாலிதீன் கவருக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். இந்தப் பழைய கட்டடத்தை மூடுகிறார்கள், திங்கட்கிழமையில் இருந்து பல்லடம் ரோட்டில் புது யூனிட், யாரைக் கூட்டிக்கொண்டு போவது யாரைத் தாட்டிவிடுவது என்று ஆளாளுக்குத் தனித்தனியாக மெசேஜ் வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் துடித்ததும் கவரைக் கீழே போட்டுவிட்டுச் செல்லை எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஆகாது. பக்கத்து மேசைச் சுகந்தியிடம் நீட்டினேன். அவள் நல்ல புள்ளை, பிசகில்லாமல் படித்துச் சொல்லுவாள். மயிலம்மா, மண்டே, நியூ யூனிட், வர, என்று படித்துக்கொண்டு வந்தவள் நின்றுவிட்டாள். வர, என்னடி கண்ணு, என்றேன். வர, வி, என், எம்முங்க்கா, என்றாள். அப்படீன்னா? அவள் செல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாள், கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், மீன்காரி மீனைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

"வேணும்னும் படிக்கலாமுங்க்கா. வேணாம்னும் படிக்கலாம்."

தமிழ்தானாம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறார்களாம், அதுதான் அவசரத்துக்குச் சுலபமாம், அதிலும் அவசரமாக இருந்தால் நடுவில் வருகிற சத்தத்தை எல்லாம் விட்டுவிடுவார்களாம். வே என்பதற்கு ஒரு வி. அதற்கப்புறம் ஒரு என். கடைசியில் ஒரு எம். நடுவில் ணு வா ணா வா என்பது படிக்கிறவர்கள் பாடு. நான் நாலாவது வரைக்கும்தான் போனேன், போன வரைக்கும் ஒழுங்காகப் போனேன். அ ஆ எல்லாம் உயிர், க் ங் எல்லாம் மெய், மெய் மட்டும் தனியாகக் கிடந்தால் அதற்குச் சத்தம் வராது, உயிர் வந்து ஏறினால்தான் வாயைத் திறக்கும் என்று வாத்திச்சி குச்சியால் பலகையைத் தட்டித் தட்டிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. இந்த மனுசன் உயிரை எல்லாம் தின்றுவிட்டு மெய்யை மட்டும் துப்பியிருக்கிறார். தட்டில் சதையைச் சப்பிவிட்டு எலும்பை ஓரமாகத் துப்பி வைக்கிற மாதிரி மூன்று எலும்பு. அதை என் இடுப்பில் கொண்டுவந்து போட்டுவிட்டு, பொறுக்கிக்கொள் என்கிறார். எங்கள் பக்கத்தில் வரோணும் என்றால் வரோணும்தான், அதில் ஒரு குழப்பமும் வராது, இவர் மெட்ராஸ்காரர், வரவேணும் என்பார், வரவேணாம் என்பார், ரெண்டுக்கும் ஒரே எலும்பு. அந்த நேரத்திலிருந்து என் நாக்கு இதைத்தான் மென்றுகொண்டிருக்கிறது. வேணும். வேணாம். ணு என்றால் உதடு குவிகிறது, ணா என்றால் வாய் திறக்கிறது. இவ்வளவுதான் வித்தியாசம். கண்ணாடி வழியாக அவர் உதட்டையே பார்க்கிறேன், குத்தும்போது முணுமுணுத்தாலாவது ஒருவேளை தெரியும் என்று. உதடு அசையவே இல்லை. செத்தவர் உதடு மாதிரி மூடிக்கிடக்கிறது, விரல் மட்டும் உயிரோடு இருக்கிறது.

கேட்டுப் பார்க்காமலா இங்கே வந்து உட்கார்ந்தேன். சுகந்திதான் சொன்னாள், எழுதத் தெரியாட்டிப் போச்சாது, அந்த மைக்கை அமுக்கிப் பிடிச்சுட்டுப் பேசுங்க்கா, குரலாவே போயிரும். சரி என்று அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வணக்கமுங்க தம்பி, நான் பேக்கிங் மயிலாத்தா பேசறேன், திங்கக்கெழமை நான் வரட்டுங்களா, வேண்டாமுங்களா, என்று கேட்டேன். இவ்வளவு தெளிவாக நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இரண்டு கோடு விழுந்தது, நீலமாக ஆனது, கேட்டுட்டாருங்க்கா என்றாள். அப்புறம் ஒரு கட்டைவிரல் வந்தது. மஞ்சள் கட்டைவிரல், மேலே பார்த்து நட்டுக்கொண்டு. வரட்டுமா வேண்டாமா என்று கேட்டால் கட்டைவிரலைக் காட்டுகிறவரை என்ன செய்வது. சோறா கஞ்சியா என்று கேட்டால் ஆமாம் என்கிற கிறுக்கன் மாதிரி. சுகந்திக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள். நான் கைநாட்டு இல்லை, என் பேரை எழுதிக் கையெழுத்துப் போடுவேன், ஆனால் என் அம்மா கைநாட்டு, கட்டைவிரலில் மை தடவிக் காகிதத்தில் உருட்டும்போது ஆபீசில் இருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டதை நான் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்திருக்கிறேன். இப்போது படித்துப் பட்டம் வாங்கினவர்கள் எல்லோரும் காலையில் இருந்து சாயங்காலம் வரை கைநாட்டுத்தான் வைக்கிறார்கள், மையாவது கிடையாது. போன மாசம் அயர்னிங்கில் நின்ற சரசாத்தாள் செத்துப்போனாள். வீட்டுக்குப் போகிற வழியில் பஸ்ஸுக்கு நின்றவள், மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், அவ்வளவுதான். கம்பெனி குரூப்பில் அவள் போட்டோ வந்தது, கீழே வரிசையாகக் கும்பிடு, கும்பிடு, கும்பிடு, அதற்கு நடுவில் இரண்டு கட்டைவிரல். செத்ததற்குக் கட்டைவிரல். அடுத்ததாகவே, நாலாவது லைனில் பீஸ் குறைகிறது யார் பொறுப்பு, என்று ஒன்று. அதற்குக் கீழே ஒரு கும்பிடு, சரசாத்தாளுக்கு வைத்ததா பீஸுக்கு வைத்ததா என்று தெரியவில்லை. எனக்கு அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஈ விழுந்த குழம்பைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஏசி காற்று இப்போது முட்டிக்கு வந்துவிட்டது. பவதாரணி, அதுதான் ஆபீசில் உட்கார்ந்திருக்கிற பெண், என் எதிரே கை எட்டுகிற தூரத்தில் மேசை போட்டிருக்கிறாள். அவளையும் கேட்டேன். நான் கேட்கும்போது அவள் காதில் ஒரு வெள்ளைப் பொத்தான் இருந்தது, என்னோடு பேசுகிறாளா அந்தப் பொத்தானோடு பேசுகிறாளா என்று புரியாமல் இரண்டு தடவை பதில் சொல்லி ஏமாந்தேன். மூன்றாவது தடவை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், உங்களுக்கு மெயில் போட்டாச்சுங்கம்மா, எல்லாம் அதுல விவரமா இருக்குங்க. எனக்கா? உங்களுக்குத்தானுங்கம்மா, உங்க பேர்ல மெயில் ஐடி இருக்கே, நாமதான் போட்டுக் குடுத்தோம். இருக்கிறதாம். என் பேரில் ஒரு இடம் இருக்கிறது, அதற்குள் எனக்கு வந்ததெல்லாம் போய் விழுந்துகொண்டிருக்கிறது, எத்தனை காலமாகவோ, நான் ஒரு நாளும் அந்த வாசலை மிதித்ததில்லை. அப்ப அதைத் தொறந்து என்ன இருக்குதுன்னு சொல்லு கண்ணு, என்றேன். அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். ஐயோ உங்க மெயில நான் பாக்கக் கூடாதுங்கம்மா, அது உங்க அந்தரங்கம். பாஸ்வேர்டு போட்டுத் தொறக்கோணும், பாஸ்வேர்டு வச்சிருந்தவரு வேலைய விட்டு நின்னுட்டாரு. அந்தரங்கமாம். எனக்கே தெரியாத என் அந்தரங்கம். உள்ளே இருக்கிற மேனேஜருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியும், நின்றுபோன எவனுக்கோ சாவி தெரியும், எனக்கு மட்டும் தெரியக் கூடாது. அப்ப உள்ள போய்க் கேளேன் புள்ளை, எட்டு வச்சா ரூமு, என்றேன். கேட்டுட்டேனே, மெசேஜ் போட்டிருக்கேனுங்கம்மா, சார் இன்னும் பாக்கல, என்றாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவள் குத்துகிறாள், அந்தப் பக்கம் அவர் குத்துகிறார். நடுவில் ஒரு கதவு. கதவில் பூட்டுக்கூட இல்லை.

எல்லாம் முன்பு நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. இவருக்கு முன்னால் இருந்த சின்னமணி மேனேஜர் கெட்ட வார்த்தைக்காரர், வெற்றிலை போடுவார், கிட்டத்தில் வந்து கத்தினால் சிவப்பாக நம் சட்டையில் தெறிக்கும். ஒரு தடவை என் கன்னத்திலேயே விழுந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டு இரண்டு நாள் அந்த முந்தானையைத் தொடப் பிடிக்காமல் இருந்தேன். ஆனால் அவர் போ என்றால் போ, வா என்றால் வா. சில பேரை வெளியே போடி என்று சொல்லிவிட்டு அப்புறம் தொண்டை கம்மி, நாளைக்கு வந்து தொலை, என்பார், அந்தத் தொலையில் அவருடைய பயம், அவர் மனைவியோடு போட்ட சண்டை, நேற்று ராத்திரி தூங்காதது எல்லாம் நமக்குக் கேட்டுவிடும். எச்சில் அருவருப்புத்தான், ஆனால் எச்சில் ஒரு ஆளிடமிருந்துதான் வரும். இதில் எச்சிலும் இல்லை ஆளும் இல்லை. விடிந்ததும் குரூப்பில் நிரஞ்சன் தம்பியிடமிருந்து ஒரு ரோஜாப்பூ வரும், பனித்துளியோடு, காலை வணக்கம் என்று, தினமும், ஞாயிற்றுக்கிழமையும்கூட. அந்த ரோஜாவை அனுப்புகிற விரல்தான் என்னைத் தாட்டிவிடவும் செய்யும், விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். இந்தச் செல்லையே பார். கன்னத்து எண்ணெய், கைப் பிசுக்கு, வாய் ஆவி, எல்லாம் கண்ணாடியில் ஒட்டிப் பளபளவென்று ஒரு படலம். கக்கூசுக்குக் கொண்டுபோகிறார்கள். நான் பார்க்காமலா சொல்கிறேன், லேடீஸ் பக்கத்தில் வரிசையில் நின்றால் உள்ளே இருந்து டிங் டிங் என்று கேட்கும், அந்தக் கையோடு வந்து கேன்டீனில் சோற்றுக்குப் பக்கத்தில் வைப்பார்கள், சாம்பார் தொட்ட விரலால் தடவுவார்கள். அப்புறம் இதைப் பாருங்க்கா என்று என் கையில் கொடுப்பார்கள். என் செல்லும் அப்படித்தான் இருக்கிறது. முந்தானையால் துடைக்கிறேன், படலம் அந்தப் பக்கம் போகிறது, இந்தப் பக்கம் வருகிறது, போவதில்லை. இப்போது துடித்ததா? இல்லை. துடிக்கவில்லை. இடுப்பில் அதை வைக்காதபோதும் இடுப்பு துடிக்கிறது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் குமட்டுகிறது. என் உடம்பு இவருக்காகத் துடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.

கீழே மெஷின் சத்தம் மாறுகிறது. ஓவர்லாக் ஓடுகிறது, அதற்குப் பின்னால் அயர்னிங் நீராவி புஸ் என்று விடுகிறது, அதற்கும் பின்னால் யாரோ கத்தரியைக் கீழே போட்டார்கள். சத்தத்தை வைத்தே யார் கைவேலை என்று தெரியும் எனக்கு, எனக்கென்ன, இங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். சுகந்தி இந்நேரம் என் மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு நேற்றே முழுசாக வந்துவிட்டது, வாங்க என்று, உயிரோடு. எனக்கு வேண்டாம் என்று இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் பேனையும் எச்சிலையும் நினைத்துக்கொண்டிருந்தேன், யோசனை எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து முட்டுகிறது. வேலை போனால் போகட்டும், இந்தக் கை எங்கேயாவது எதையாவது மடிக்கும். வேலையோடு சேர்ந்து ஈஎஸ்ஐ கார்டும் போகும், அதுதான். அந்தக் கார்டில்தான் என் வீட்டுக்காரருக்கு வைத்தியம் ஓடுகிறது. தொண்டையில் கட்டி வந்து குரல்பெட்டியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. இன்னும் போய்க்கொண்டே இருக்கோணும், பார்த்துக்கொண்டே இருக்கோணும், எங்காவது மறுபடி முளைக்கிறதா என்று. காலையில் எழுந்ததும் அந்த ஓட்டையைச் சுற்றித் துணியால் துடைப்பேன், சளி கட்டியிருக்கும், மஞ்சளாக, சில நாள் ரத்தம் கலந்து. வீட்டுக்கு வந்த ஒறம்பரை சொந்தமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு ஒரு நாளும் அருவருப்பு வந்ததில்லை. மாவு பிசைகிற மாதிரி, பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு வேலை. இந்தக் கண்ணாடித் துண்டைத் தொடத்தான் எனக்கு உடம்பு கூசுகிறது, என்ன கருமமோ.

அவருக்குக் குரல் போய், இனி வாயால் குடிக்கலாம் என்று டாக்டர் விட்ட அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். காபி வேணுமா என்று நான் கேட்டதற்கு அது. அப்புறம் பன் வேணுமா என்று கேட்டேன், இரண்டு தட்டு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒன்று என்றால் வேணும், இரண்டு என்றால் வேண்டாம். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. ஒன்றிலேயே எத்தனையோ ஒன்று இருக்கிறது, சித்த மெல்லத் தட்டினால் இருந்தால் கொடு இல்லாட்டிப் போகட்டும், அழுத்தித் தட்டினால் உடனே, கோபம் வந்தால் டம்ளர் நசுங்குகிற மாதிரி இரண்டு. என் மத்தியானச் சோற்று நேரத்தில் நான் அவருக்குப் போன் போடுவேன். எடுப்பார். மூச்சு மட்டும் புஸ் புஸ் என்று வரும். சாப்புட்டீங்களா? டக். மாத்திரை? டக். தனியா இருக்கறது ஒரு மாதிரி இருக்குதுங்களா? டக், டக். பொய்தான் அது, அந்த இரண்டாவது தட்டில் கொஞ்சம் தாமதம் இருக்கும், எனக்குக் கேட்கும். அதனால் செல்லே கூடாது என்று நான் எப்படிச் சொல்ல முடியும், இதே கருமத்தின் வழியாகத்தான் அந்த டம்ளர் சத்தமும் வருகிறது. குரல் இல்லாத மனுசன் வேணும் வேண்டாம் என்று ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு புரியவைக்கிறார். தொண்டை முழுசாக இருக்கிறவர் எழுத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு இன்னும் போன் போடவில்லை. எதிர்பார்த்துக்கொண்டிருப்பார். என்ன சொல்வது. புது யூனிட்டுக்குக் கூப்பிட்டாங்களா என்று அவர் கேட்க முடியாது, ஆனால் கேட்பார், ஒன்றுமே தட்டாமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு இருப்பார், அதுதான் அவர் கேள்வி.

கதவு திறக்கிறது. எழுந்து நின்றுவிட்டேன், நாற்காலி ஓட்டை எல்லாம் தொடையில் அச்சாகப் பதிந்திருப்பது தெரிகிறது. எனக்காக வரவில்லை அவர். செல்லைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மயக்கம் போட்ட குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி வருகிறார், முகத்தில் அப்படி ஒரு பதற்றம். பவதாரணி, சார்ஜர் எங்க, செத்துப்போச்சு. அவள் காதில் பொத்தானோடு ஏதோ கம்பெனியிடம் பேசிக்கொண்டே மேசையில் தேடுகிறாள். அப்போதுதான் அவர் என்னைப் பார்க்கிறார். என்னம்மா, இன்னும் இங்கேயா இருக்கீங்க, அதான் மெசேஜ் பண்ணிட்டேனே, என்கிறார். பண்ணீங்க தம்பி, என்கிறேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சின்னதாக வருகிறது.

"அது வேணுமா வேண்டாமான்னு தெரியலீங்க. வாயில ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க, போயிடறேன்."

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். என் செல்லில் அவர் அனுப்பியதை அவரே படித்தார். மயிலம்மா, மண்டே, நியூ யூனிட், வர. உதடு அசைந்தது, காலையிலிருந்து எதற்காகக் காத்திருந்தேனோ அந்த உதடு. வே என்று வந்தது. அதற்கு மேலே வரவில்லை. அடுத்ததுக்கு உதடு குவியவா திறக்கவா என்று அதற்கே தெரியாமல் பாதியில் நின்றது, கொட்டாவி விடப்போய் மறந்துபோன மாதிரி. அப்போது எனக்குப் புரிந்தது. இவருக்குத் தெரியாது. காலையில் வரிசையாகக் குத்திக்கொண்டே வந்தவர், சில பேருக்கு வேணும், சில பேருக்கு வேணாம், எல்லாவற்றுக்கும் அதே மூன்று எலும்பு. என்னைக் குத்தும்போது எதை நினைத்துக் குத்தினார் என்பது குத்தின உடனே விரலை விட்டுப் போய்விட்டது. மெயிலில் இருக்கும் என்று தன் செல்லைத் தடவினார், அது கறுப்பாகக் கிடந்தது. பவதாரணியைப் பார்த்தார், அவள் ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினாள், மேனேஜருக்கே. அவர் காதுமடல் சிவந்தது. படித்த பிள்ளை, தான் எழுதினதைத் தானே படிக்க முடியாமல் ஒரு பேக்கிங்காரி முன்னால் நிற்கிறது. பாவமாக இருந்ததா எனக்கு? இல்லை. குமட்டியது. என் வீட்டுக்காரர் கழுத்து ஓட்டை, அவர் மூச்சு, எல்லாம் இந்த மனுசன் மறந்துபோன ஒரு எழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் செல்லை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"நீங்க எப்படிம்மா படிச்சீங்க?"

கீழே ஓவர்லாக் நின்றது. நின்றதா, எனக்குத்தான் காது அடைத்ததா. எப்படிப் படித்தேன். காலையிலிருந்து இரண்டு விதமாகவும் படித்தேன். ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்து படித்துப் படித்து நாக்குத் தடித்துப்போயிற்று. உயிர் என் கையில் இருக்கிறது, எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள், கேட்கிறவருக்கே தெரியாது. வேண்டாம் என்றுதான் அவர் நினைத்திருப்பார், வயசானவளை எதற்குப் புது யூனிட்டுக்கு இழுத்துக்கொண்டு போகவேண்டும், அப்படித்தான் இருக்கும், அப்படி இல்லாமலும் இருக்கும். உதட்டைக் குவித்தேன்.

"வர வேணும்னு போட்டிருக்கீங்க."

அவர் தோள் இறங்கியது. ஆ, கரெக்ட், அதான், அதேதான், என்றார். அந்த அதானை நான் கேட்டேன். வெறும் குடத்தைத் தட்டினால் வருகிற சத்தம், அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இதைக் கேக்கவா இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க, என்று சிரித்தார். அதற்குள் பவதாரணி சார்ஜரை நீட்டிவிட்டாள், செல்லில் வெளிச்சம் வந்துவிட்டது, அவர் முகம் அதற்குள் போய்விட்டது. போகிற போக்கில் என் பக்கமாக ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நிஜக் கட்டைவிரல். தேய்ந்து, நுனியில் ரேகை இல்லாமல் வழவழவென்று இருந்தது, உரித்த பல்லி மாதிரி.

படி இறங்கி வருகிறேன். சத்தம் ஒவ்வொரு படிக்கும் ஏறுகிறது, நீராவி முகத்தில் அடிக்கிறது. பேக்கிங் மேசையிலிருந்து சுகந்தி என்னாச்சு என்று புருவத்தைத் தூக்குகிறாள். இந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. நான் என் கையைப் பார்க்கிறேன், கட்டைவிரல் தானாக மேலே போய் நிற்கிறது. மஞ்சள் அல்ல, கறுப்பு, பாலிதீன் கிழித்த வெடிப்போடு. அவளும் பதிலுக்கு ஒன்றைக் காட்டிவிட்டுச் சிரிக்கிறாள். சட்டென்று மடக்கிப் புடவையில் தேய்த்துக்கொண்டேன், அசிங்கத்தைத் தொட்டுவிட்ட மாதிரி. நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனேன். கையைக் கழுவினேன். வாயைக் கொப்பளித்தேன். வேணும் என்ற அந்த வார்த்தை இன்னும் உள்கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, என்னுடையதாகவும் இல்லை அவருடையதாகவும் இல்லை, யாரோ பாதி தின்று வைத்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. மறுபடி கொப்பளித்துத் துப்பினேன். திங்கட்கிழமை பல்லடம் ரோட்டில் போய் நிற்பேன். கேட்டில் உன் பேர் இல்லை என்பார்களோ, வா என்பார்களோ, நின்றால்தான் தெரியும். கார்டு இருக்கிறது. இப்போதைக்கு இருக்கிறது. அவருக்குச் சொல்லோணும்.

போட்டேன். எடுத்தார். மூச்சு வந்தது, புஸ், புஸ். தட்டவில்லை, கேட்கிறார். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், கூப்பிட்டுட்டாங்க என்ற ஒரே சொல்தான், காலையிலிருந்து ஊரையெல்லாம் வாயில் சொல் வாயில் சொல் என்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். வரவில்லை. ஓங்கரிப்புத்தான் வந்தது. செல்லின் முதுகில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினேன். வேணும். அந்தப் பக்கம் மூச்சு நின்றது. அப்புறம் டக் என்றது. ஏன் பேசலை என்கிற டக். நான் சும்மா நின்றேன். டக், டக், டக், டக் என்று நிறுத்தாமல் தட்ட ஆரம்பித்தார், கணக்கே இல்லை, வேணுமும் இல்லை வேண்டாமும் இல்லை, டம்ளரைப் போட்டு இடிக்கிறார், மூச்சு ஓட்டை வழியாகச் சீறுகிறது. குரல் இல்லாதவர் வீட்டில் நானும் குரல் இல்லாமல் போய்விட்டேன் என்று பயந்துவிட்டார். டம்ளர் தரையில் விழுந்து உருளுகிற சத்தம் கேட்டது, தேடுகிறார், எடுத்து மறுபடி தட்டுகிறார்.

"இருக்கேனுங்க மாமா," என்றேன். "இருக்கேன், இருக்கேன். பேசறேனுங்க."